காதைப் பொத்திக்கொள்ளக் காசு கொடுத்தது யார்?

நீளமான பதிவு. வகுப்பில் ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னாலே ஜன்னலைப் பார்த்தவர்கள் இப்போதே நகர்ந்துவிடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். மற்றவர்கள் உட்காருங்கள்.

போன வாரம் நாலே நாலு வரி போட்டிருந்தேன். விம்கோ நகர் ஸ்டேஷனில் நின்றுகொண்டிருந்தபோது ஒரு பையன் தண்டவாளத்தைக் குறுக்கே தாண்டினான். இரண்டு காதிலும் வெள்ளை வெள்ளையாக அந்தப் புளூடூத் பட்ஸ். பின்னால் மின்சார ரயில் ஹாரன் அடித்துக்கொண்டே வருகிறது. பிளாட்பாரத்தில் இருந்த பத்துப் பேரும் கத்துகிறோம். அவன் தலை ஆட்டிக்கொண்டே நடக்கிறான், ஏதோ பாட்டு போல. எதிர் பிளாட்பாரத்தில் இருந்த ஒருவர் கையை வீசியதைக் கண்ணால் பார்த்துத்தான் தாவினான். வீட்டுக்கு வந்தும் கை நடுக்கம் நிற்கவில்லை. "ரோட்டிலும் ரயில் பாதையிலும் காதில் ஒன்றும் வேண்டாம் பிள்ளைகளே" என்று எழுதினேன். அவ்வளவுதான்.

அதற்கு எத்தனை பதில்கள்! என் பணி ஓய்வு நாளன்றுகூட இத்தனை பேர் பேசவில்லை.

முதலில் என் தம்பி. குடும்ப குரூப்பில் காலை வணக்கம் போட்ட கையோடு ஒரு ஃபார்வர்டு அனுப்பினான். புளூடூத் கதிர்வீச்சு மூளையைப் பொரித்துவிடுமாம், மூன்றே மாதத்தில் கட்டி வருமாம், எல்லாருக்கும் பகிருங்களாம். தம்பி, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். புளூடூத் ஹெட்செட் வெளிவிடும் ரேடியோ அலையின் சக்தி பெரும்பாலும் 2.5 மில்லிவாட்டுக்குள்தான். ஒரு வாட்டை ஆயிரமாகப் பிரித்து அதில் இரண்டரைப் பங்கு. நீ தினமும் இரண்டு மணி நேரம் கன்னத்தோடு அழுத்திப் பிடித்துப் பேசுகிறாயே அந்தப் போன், டவர் தூரமாக இருந்தால் இதைப் போலப் பல மடங்கு சக்தியை வெளிவிடும். மூளை பொரியாது. பயப்பட வேண்டியது வேறு இடத்தில் இருக்கும்போது, இல்லாத இடத்தைக் காட்டிப் பயமுறுத்துவதுதான் இந்த ஃபார்வர்டுகள் செய்கிற கெடுதல்.

இரண்டாவது கூட்டம், என் வயதுக்காரர்கள். "இந்தக் காலத்துப் பிள்ளைகளே இப்படித்தான், யாரையும் மதிப்பதில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை." இவர்களுக்கு என் பதில் எப்போதும் ஒன்றுதான். 1970களில் நம் கையில் டிரான்சிஸ்டர் இருந்தது, நம் அப்பாக்களும் இதையேதான் சொன்னார்கள். விடுங்கள்.

மூன்றாவது ஒரே ஒரு பதில். என் பழைய மாணவன் ஒருவன், பெயர் சொல்லவில்லை. எண்ணூர் விரைவுச் சாலை ஓரத்தில் வீடு. "டீச்சர், நீங்க தேரடி பக்கம் தெருவுக்குள்ள இருக்கீங்க. எங்க வூட்டாண்ட வந்து ஒரு ராத்திரி குந்திப் பாருங்க. அப்புறம் சொல்லுங்க காதுல மாட்டாதேன்னு" என்று எழுதியிருந்தான்.

இது குத்தியது. குத்தியதால் போனேன். சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்குப் போய், ராத்திரி பதினொன்று வரை அவன் வீட்டுத் திண்ணையிலும் உள்ளறையிலும் உட்கார்ந்திருந்தேன். இந்தப் பதிவே அந்த நாலு மணி நேரத்தின் பலன்.

அதற்குமுன் என் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். ஏதோ நான் ஹெட்செட்டே பார்க்காத கிழவி என்று நினைக்க வேண்டாம். இரண்டு வருஷமாக நானும் மாட்டுகிறேன். என் மகள் வாங்கிக் கொடுத்த கழுத்துப் பட்டை. முதல் நாள் காதுக்குள் ஒரு வெள்ளைக்காரி ஏதோ சொன்னாள், பயந்துபோய்க் கழற்றி மேஜையில் வைத்தேன். இணைந்துவிட்டது என்று சொன்னாளாம். மறுநாள் தெருவில் மகளோடு பேசிக்கொண்டே, "கத்திரிக்காய் நல்லாவே இல்லடி" என்றேன். கீரைக்காரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னை ஒரு பிடி பிடித்தாள். "காலைல பறிச்சதுமா, எதைப் பாத்து நல்லால்லன்ற?" நான் மகளிடம் சொன்னேன் என்று காதைக் காட்டி விளக்குவதற்குள் அரைக் கிலோ வாங்க வேண்டியதாகிவிட்டது.

நல்லதும் இருக்கிறது, மறைக்க மாட்டேன். தோள்பட்டை வலியோடு போனைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம். தோசை ஊற்றிக்கொண்டே பேரனுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்கலாம். மதியம் பழைய பாட்டு கேட்டால் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை எழுந்திருக்காது. சரியாகக் காது கேட்காத என் சிநேகிதி ஒருத்தி, இதை மாட்டினால் மட்டும்தான் மகனோடு போனில் பேச முடிகிறது என்கிறாள். இதையெல்லாம் வேண்டாம் என்று சொல்ல நான் யார்?

ஆனால் போன ஆடி மாதம் நடந்ததை இதுவரை வீட்டில்கூடச் சொல்லவில்லை. இப்போது என் மகள் இங்கே படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறாள். காசிமேட்டில் மீன் வாங்கிக்கொண்டு சாலையோரமாக வருகிறேன். காதில் பட்டை. அக்காவோடு பேச்சு, அவள் மருமகள் கதை, சீக்கிரம் முடியாது. ஒரு டிரெய்லர் பின்னால் எடுக்கிறார்கள். கிளீனர் பையன் வண்டியின் பக்கவாட்டில் தட்டித் தட்டி "வா வா வா" என்கிறான். இந்தத் தட்டுகிற சத்தத்துக்கு எங்கள் ஊர்க் காது தானாகவே திரும்பும், பிறந்ததிலிருந்து பழக்கம். அன்று திரும்பவில்லை. மீன் விற்கிற ஒரு அம்மா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். இழுத்த வேகத்தில் நான் அவள் கூடைமேல் விழுந்தேன். "காதுல இன்னாத்த வச்சினுகீற? உசுரு போயிருந்தா?" என்று அவள் கத்தினாள். முப்பத்து மூன்று வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவள், பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். காதில் அக்கா இன்னும் பேசிக்கொண்டிருந்தாள்.

அதனால் அந்தத் தண்டவாளப் பையனைத் திட்டியபோது பாதி என்னையேதான் திட்டிக்கொண்டேன்.

இப்போது அந்த வீட்டுக்கு வருவோம்.

துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கிற இடத்துக்கு நேர் எதிரே வீடு. நின்றுகொண்டிருக்கும்போது இன்ஜின் உறுமல். நகரும்போது ஏர் பிரேக் விடுகிற பெருமூச்சு. காலி கன்டெய்னரோடு ஒரு வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறினால் இடி இடித்த மாதிரி இரும்புச் சத்தம், அலமாரியில் டம்ளர்கள் கிணுகிணுக்கின்றன. இதற்குமேல் ஏர் ஹாரன். மாணவனின் அம்மா எனக்குக் காபி கொடுத்துவிட்டு ஏதோ சொன்னார்கள். உதடு அசைந்தது. மூன்று முறை "என்னம்மா?" என்று கேட்டேன். கடைசியில் அவர்கள் சர்க்கரை டப்பாவைத் தூக்கிக் காட்டினார்கள். சர்க்கரை போதுமா என்று கேட்டிருக்கிறார்கள்.

ராத்திரி பத்து இருபதுக்கு ஜன்னலோரம் போனில் இருந்த சத்தம் அளக்கும் ஆப்பைத் திறந்து பார்த்தோம். 80 டெசிபெல்லை ஒட்டியே ஆடிக்கொண்டிருந்தது. போன் அளவு முன்னே பின்னே இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஐந்து குறைத்துக்கொள்ளுங்கள், பத்துகூடக் குறைத்துக்கொள்ளுங்கள். 2000ஆம் ஆண்டு வந்த ஒலி மாசு விதிகள் என்று ஒன்று இருக்கிறது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபெல், இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை 45. அதுதான் வரம்பு. தொழிற்பேட்டைக்குக்கூட இரவில் 70தான்.

45க்கும் 80க்கும் வித்தியாசம் 35 தானே என்று கணக்குப் போடாதீர்கள், டெசிபெல் அப்படி ஏறாது. ஒவ்வொரு பத்துக்கும் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு ஆகும். 45லிருந்து 55 பத்து மடங்கு, 65 நூறு மடங்கு, 75 ஆயிரம் மடங்கு. 80 என்றால் மூவாயிரத்துக்கும் மேல். வரம்பைப் போல மூவாயிரம் மடங்கு ஆற்றலோடு அந்த வீட்டு ஜன்னலில் சத்தம் வந்து மோதுகிறது, அந்த வீட்டில் ஒரு கைக்குழந்தை தூங்குகிறது.

உள்ளறையில் அவன் தங்கை குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறாள். அவளும் என் மாணவிதான், அழகான கையெழுத்து. தலைமேல் பெரிய ஹெட்போன். பாட்டு எதுவும் இல்லை. சத்தத்தை அடக்குகிற வித்தை மட்டும் ஓடுகிறது. அந்த வித்தை என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள், கேட்டால் சொல்லத் தெரிய வேண்டும். ஹெட்போனில் சின்ன மைக் இருக்கும். அது வெளிச்சத்தத்தைக் கேட்டு, அதற்கு நேர் எதிரான அலையை உள்ளே உண்டாக்கும். அந்த அலை மேடாக இருக்கும்போது இது பள்ளம், அது பள்ளமாக இருக்கும்போது இது மேடு. இரண்டும் சேர்ந்தால் சமதளம். தண்ணீர்த் தொட்டியில் இரண்டு கல் போட்டு உங்களுக்கு நான் காட்டியிருக்கிறேன், ஞாபகம் இருக்கிறதா? வங்காளத் தகப்பனுக்கு அமெரிக்காவில் பிறந்த அமர் போஸ் என்கிற பேராசிரியருக்கு, 1978இல் விமானத்தில் போகும்போது இன்ஜின் இரைச்சலில் பாட்டு கேட்காமல் எரிச்சல் வந்ததாம். அங்கேயே காகிதம் எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்தார். விமானிகளுக்காகச் செய்த பொருள் இன்று எண்ணூர் ரோட்டோரம் குரூப் 4 படிக்கிற பெண்ணின் தலையில் இருக்கிறது.

அவளைச் சாப்பிடக் கூப்பிட வேண்டும். அவள் அம்மா கூப்பிடவில்லை. கூப்பிட்டுப் பயன் இல்லை என்று தெரியும். எழுந்துபோய் டியூப் லைட் சுவிட்சை இரண்டு தடவை அணைத்துப் போட்டார்கள். பெண் தலை நிமிர்ந்தாள்.

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. ஏனென்று அவர்களுக்குத் தெரியாது.

என் அப்பா திருவொற்றியூரில் ஒரு கம்பெனியில் பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தார். தகடு அடிக்கிற இடம். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு போவார், அதற்குமேல் பாதுகாப்பு என்று எதையும் நான் பார்த்ததில்லை. நாற்பத்தைந்து வயதில் காது மந்தமாகிவிட்டது. எங்கள் வீட்டில் அம்மா அவரைக் கூப்பிட மாட்டார். தட்டை வைப்பதற்குமுன் தோளில் ஒரு தட்டு. ராத்திரி என்றால் லாந்தரைத் தூக்கி ஆட்டுவார். என் கல்யாணத்தில் நாதஸ்வரக்காரர் முகத்தையே அப்பா உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார், கன்னம் உப்புவதைப் பார்த்துத்தான் கெட்டிமேளம் என்று தெரிந்துகொண்டு அட்சதை போட்டார். சத்தத்தால் காது போவது 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையில் தொழில் நோயாகவே பட்டியலிடப்பட்டிருந்தது. இதை நான் தெரிந்துகொண்டபோது அப்பா போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது.

அப்பா ஷிஃப்ட் முடிந்தால் அந்த இரைச்சலை விட்டு வெளியே வந்தார். இந்தப் பெண்ணின் வீட்டுக்குள்ளேயே இரைச்சல் வந்துவிட்டது. அவள் வெளியே எங்கே போவாள்?

என் சண்டை என்னவென்று இப்போது சொல்கிறேன். அந்த ஹெட்போன் என்ன விலை என்று கேட்டேன். நாலாயிரத்துச் சொச்சம், தவணையில் வாங்கியது. அண்ணன்காரன் உணவு டெலிவரி ஓட்டிச் சம்பாதித்த காசு. லாரிக்காரருக்கு வாடகை வருகிறது, சரக்கு அனுப்புகிறவருக்கு லாபம் வருகிறது, சரக்கு வாங்குகிறவருக்குச் சாமான் வருகிறது, அரசாங்கத்துக்கு வரி வருகிறது. அந்தச் சத்தத்துக்கு விலை கொடுத்தது யார் என்றால், அதில் ஒரு பைசா வருமானம் இல்லாத இந்த வீடு. மினரல் வாட்டர் கேன் கதையேதான். குழாயில் நல்ல தண்ணீர் கேட்டுத் தெருவில் குடத்தை வைத்துச் சண்டை போட்டோம். கேன் வந்தது. சண்டை நின்றது. குழாய்த் தண்ணீர் சரியானதாலா நின்றது? அதைப் போலவே அவரவர் காதை அவரவர் அடைத்துக்கொண்டோம். இந்தச் சத்தத்துக்காக ஒரு மனு போட்டவர் அந்தத் தெருவில் யாராவது உண்டா என்று கேட்டேன். மாணவன் சிரித்தான். "மனுவா? இன்னா டீச்சர் நீங்க. ஒரு ஹெட்செட் வாங்குனா முட்ஞ்சிது."

அந்தச் சிரிப்பைத்தான் எதிர்க்கிறேன். ஹெட்செட்டை இல்லை.

காதை மூடிக்கொள்வதற்கு இந்த ஊரில் தனியாக ஒரு விலை உண்டு. அண்ணா நகரில் காதை மூடிக்கொண்டு பூங்காவில் நடக்கலாம். நம் பகுதியில் காதுதான் காவல்காரன். 2023 டிசம்பர் 26 ராத்திரி உங்களில் பல பேருக்கு மறக்காது. எண்ணூர் பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலைக்குப் போகிற கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. நள்ளிரவு நெருங்குகிற நேரம். 2004இல் சுனாமி வந்ததும் இதே டிசம்பர் 26. பெரியகுப்பத்தில் என் சித்தி வீடு இருக்கிறது. அவர்களை எழுப்பியது பக்கத்து வீட்டுக்காரர் கதவை உடைக்கிற மாதிரி தட்டிய சத்தமும், தெருவில் "கேஸ், கேஸ்" என்று ஓடியவர்களின் கூச்சலும். எல்லாரும் எழுந்தார்கள், சித்தியின் பேரன் எழவில்லை. பத்தொன்பது வயசு, பட்ஸை மாட்டிக்கொண்டே தூங்குகிற பழக்கம். மூக்கும் கண்ணும் எரிகிற நேரத்தில் மற்றவர்கள் வாசலுக்குப் போய், ஆள் எண்ணிப் பார்த்து, ஒன்று குறைகிறதே என்று அவன் அம்மா திரும்பி உள்ளே ஓடினாள். ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு போனாள், அம்மோனியா தண்ணீரில் நன்றாகக் கரையும், அந்த அறிவு அவளுக்கு எங்கிருந்து வந்ததோ. அவனை உலுக்கி எழுப்பி இழுத்து வந்தாள். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவளுக்குத்தான் இரண்டு நாள் மூச்சுத் திணறல், ஆஸ்பத்திரி. அந்த ராத்திரி ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

பையன் ஏன் மாட்டிக்கொண்டு தூங்கினான்? அவனைக் கேட்டேன். "வண்டி சத்தம் பாட்டி, தூக்கம் வராது." பாருங்கள், சுற்றி அதே இடத்துக்குத்தான் வருகிறோம்.

அந்த எதிர் அலை வித்தையில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. அது எல்லாச் சத்தத்தையும் ஒரே மாதிரி அடக்காது. ஒரே சீராக, தாழ்ந்த சுருதியில் வருகிற உறுமலைத்தான் நன்றாக அடக்கும். திடீர்க் கூச்சல், தட்டுகிற சத்தம் ஓரளவு உள்ளே வரும். லாரி இன்ஜின் உறுமல் எந்த வகை? முதல் வகை. நம் முதுகுக்குப் பின்னால் ஒரு பதினெட்டுச் சக்கர வண்டி வருகிறது என்று எது நமக்குச் சொல்லுமோ, அதையே பொறுக்கி எடுத்து அழித்துவிடும். மிச்சம் இருப்பதைப் பாட்டு மூடிவிடும். உட்கார்ந்து படிக்கிற பெண்ணுக்கு அது வரம். ரோட்டில் நடக்கிறவனுக்கு?

2018 ஏப்ரல் 26இல் உத்தரப் பிரதேசம் குஷிநகரில் ஆளில்லாத லெவல் கிராசிங்கில் பள்ளி வேன் மீது ரயில் மோதி 13 குழந்தைகள் போனார்கள். ஓட்டுநர் காதில் இயர்போன் இருந்ததாகச் செய்திகள் வந்தன. ஆசிரியராக இருந்தவள் என்பதால் அந்தச் செய்தியை என்னால் தாண்டிப் போக முடிந்ததில்லை.

காதுக்கு உள்ளே நடப்பதையும் சொல்லிவிடுகிறேன், என் தம்பி பயப்பட வேண்டியது இதற்குத்தான். ஒரு காதுக்குள் பதினைந்தாயிரத்தை ஒட்டி நுண்ணிய மயிர் செல்கள் இருக்கின்றன. புல்தரை மாதிரி. ஒரு நாள் மிதித்தால் சாய்ந்து நிமிரும், தினமும் மிதித்தால் செத்துப்போகும். தரையில் புல் மறுபடி முளைக்கும், இது முளைக்காது. உலக சுகாதார நிறுவனம் சொல்கிற கணக்கு: 80 டெசிபெல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 என்றால் வெறும் 4 மணி நேரம். பத்து டெசிபெல் ஏறினால் நேரம் பத்தில் ஒன்று. ரோட்டுச் சத்தம் 80 இருக்கும்போது அதற்குமேல் பாட்டு கேட்க வேண்டுமானால் எவ்வளவு வைப்பீர்கள்? அதனால்தான் பட்ஸ் போடுகிற பிள்ளைகளைவிட, இரைச்சல் நடுவில் பட்ஸ் போடுகிற பிள்ளைகளுக்குக் கெடுதல் அதிகம். அமைதியான அறையில் இருப்பவன் பாதிச் சத்தத்தில் கேட்பான். டி.எச். ரோட்டில் ஷேர் ஆட்டோவில் போகிறவன் முழுச் சத்தத்தில் வைப்பான். ஒரே பொருள், ஒரே விலை. வடக்கே இருப்பவனுக்குக் காது சீக்கிரம் போகும்.

டெலிவரி ஓட்டுகிற என் மாணவனிடம் கடைசியாகக் கேட்டேன். வண்டி ஓட்டும்போதாவது கழற்றேன்டா. அவன் சொன்ன பதில்: "வழி சொல்றது காதுலதான் டீச்சர். கஸ்டமர் கால் பண்ணுவாரு. எடுக்கலேன்னா கம்ப்ளெயின்ட். நின்னு எடுத்தா லேட்டு, அதுக்கும் கம்ப்ளெயின்ட்." இவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. திட்டு வாங்க வேண்டியவர்கள், ஓடுகிற வண்டியில் இருப்பவனைக் கூப்பிட்டு "எங்கே வர்றீங்க" என்று கேட்கிற நாம். உங்களில் எத்தனை பேர் ஆர்டர் போட்டுவிட்டு ஐந்து நிமிஷத்தில் கூப்பிடுகிறீர்கள்? மேப்பில் வண்டி நகர்வது தெரிகிறது அல்லவா, தெரிந்தும் எதற்குக் கூப்பிடுகிறீர்கள்? பிரியாணி ஆறினால் சூடு பண்ணிக்கொள்ளலாம். அவனுக்கு ஒரு காது, வழி கேட்கட்டும், இன்னொரு காது ரோட்டுக்கு வேண்டும். இடது காதில் ஒன்று மட்டும் மாட்டிக்கொள், வலப்பக்கம் முந்துகிற வண்டிச் சத்தமாவது கேட்கும் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதுவும் அரைகுறைத் தீர்வுதான். எனக்கே திருப்தியில்லை.

"டீச்சர், துறைமுகம் இல்லாட்டி நம்ம ஊருக்குச் சோறு ஏது" என்று ஒருத்தி எழுதியிருந்தாள். சரிதான் கண்ணு. 1856இல் ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பியதிலிருந்து நாம் சத்தத்தோடுதான் வாழ்கிறோம். கம்பெனிச் சங்கு ஊதினால்தான் எங்கள் வீட்டில் உலை வைப்பார்கள். லாரியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காது கிழிகிற ஹாரனை மத்திய மோட்டார் வாகன விதி 119 ஏற்கெனவே தடுத்திருக்கிறது, அதைப் பிடுங்கினால் ஒரு லாரிகூட நிற்காது. பள்ளத்தை மூடினால் கன்டெய்னர் இடிக்காது. வீடுகளுக்கு எதிரே நிற்கிற வரிசையை வீடில்லாத இடத்தில் நிறுத்தினால் சரக்கு கெட்டுப்போகாது. இதில் எதற்கும் ராக்கெட் விஞ்ஞானம் தேவையில்லை. கேட்கிற ஆள்தான் தேவை. நாம் எல்லாரும் காதை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் கேட்பது யார்?

ஏற்கெனவே ஒரு அலுவலகத்துக்கு நான் தனியாகப் போய்ப் பார்த்தேன். அங்கிருந்தவர் பேசி முடிக்கும்வரை ஒரு காதில் பட்ஸை எடுக்கவில்லை. "ஒருத்தர் சொன்னா எப்படிம்மா, தெருவே சொல்லணும்" என்றார். மரியாதை தெரியாதவர் என்று கோபம் வந்தது, ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

ஆகவே தெருவாகவே போவோம். மனு எழுதிவிட்டேன், இரண்டு பக்கம், பிழை பார்த்தாயிற்று. சரியான கருவி வைத்து ராத்திரி நேரத்தில் சத்தத்தை அளந்து அந்தக் கணக்கை எழுத்தில் கொடுங்கள் என்பதுதான் முதல் கோரிக்கை. போன் ஆப்பைக் காட்டினால் சிரிப்பார்கள், அவர்கள் கருவியே பேசட்டும். ஹாரன், பள்ளம், லாரி வரிசை மூன்றும் அதற்கு அடுத்த கோரிக்கைகள். அந்தச் சாலையோரத்து வீடுகளில் இருப்பவர்கள் அனைவரும் கையெழுத்துப் போட வேண்டும். காலடிப்பேட்டை, தேரடி, விம்கோ நகர்க்காரர்களும் வாருங்கள். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் உங்கள் அம்மா அப்பாவை அனுப்புங்கள். தம்பி, நீ அந்த ஃபார்வர்டை அனுப்பின ஐம்பது பேருக்கும் இதையும் அனுப்பு.

வருகிற ஞாயிறு காலை பத்து மணி, என் வீட்டு மாடி. தங்கச்சிக்குத் தேர்வு நெருங்குகிறது, அவளைத் தொந்தரவு செய்யாமல் அவள் அண்ணன் மட்டும் வரட்டும். டீ உண்டு. வருகைப் பதிவேடும் உண்டு, பெயர் கூப்பிடுவேன். படியேறும்போதே காதில் இருப்பதைக் கழற்றி சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு தடவைதான் கூப்பிடுவேன்.